ஆறு மூட்டை மணல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் என்னிடம் ஒரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. வெளிநாட்டு வண்டி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பம், பெட்ரோல் விலை ஏறியபோது அதன் என்ஜினைக் கழற்றிவிட்டு நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினை வைத்தது. அந்தச் சத்தம் பிடிக்காமல் பிறகு விற்றும் விட்டது. மூன்று கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தபோது, கதவைச் சாத்தினால் கைப்பிடி கையோடு வரும் நிலையில் இருந்தது. ஆனால் நீளமான வண்டி. பின்சீட்டை மடக்கிவிட்டால் பின்கதவு வரைக்கும் சமமான தளம். ஊரில் அதற்குப் 'பொணவண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, நாக்பூர், இந்தூர், கல்கத்தா என்று பதினைந்து வருடம் சுற்றினேன். ஒரு இடத்தில் இருக்கச் சொன்னால் எனக்கு ஆகாது. இடையில் ஒருமுறை ஊருக்கு வந்து, என் பங்கு நிலத்தை ஒரு வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டுப் போனேன். அந்த நிலத்தை அதுவரை உழுது, கிணற்றை ஆழப்படுத்திப் பாடுபட்டது அக்காவின் கணவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அக்காவைத் தவிர எனக்கு வேறு யாரும் கிடையாது.

லாரி ஓட்டிச் சலித்துத் திரும்பி வந்தபோது நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப் பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்தன. கோழி மருந்து விற்கும் கடை ஒன்றில் என் வண்டியை வைத்துக்கொண்டார்கள். காலையில் ஐஸ் பெட்டியில் தடுப்பூசியும், அட்டைப் பெட்டிகளில் மருந்தும் ஏற்றிக்கொண்டு மோகனூர், பரமத்தி வேலூர், வள்ளிபுரம் என்று பண்ணை பண்ணையாகப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது யாராவது பத்து அட்டை முட்டை கொடுத்து அனுப்புவார்கள். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் பின்னால் எனக்கு ஓர் அறை இருந்தது. பகல் முழுக்க சுத்தியல் சத்தம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

வேலூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர்தான் செய்தியைச் சொன்னார்.

"ஏனுங் டிரைவரே, வெத்தலைக் கொடிக்காலுக்காரர் ஊட்டம்மா உங்க அக்காளாமா? சொல்லவே இல்லீங்களே."

"ஆமாங்."

"வாய்க்கா மேட்டுல வழுக்கி உழுந்து தொடை எலும்பு போச்சுங்களே. மாவுக்கட்டு போட்டு மரமாட்டம் கெடக்கறாங்க. ஒரு மாசமாச்சு. தெரியாதுங்களா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "தெரியுமுங்" என்றேன்.

அன்று மீதிப் பண்ணைகளுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கட்டிலில் அக்கா மல்லாக்கப் படுத்திருந்தாள். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் வெள்ளையாகக் கட்டு. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"வந்தயா" என்றாள். நேற்றுத்தான் போய்விட்டு வந்தவனைக் கேட்பது போல.

விஷயத்தை அவள்தான் சொன்னாள். சேலத்தில் எலும்பு டாக்டர் சேர்த்துக் கட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டு வர சாமான் ஏற்றும் டெம்போவில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் சேர்த்த எலும்பு விலகிவிட்டது. மறுபடி சேலம், மறுபடி சேர்ப்பு, மறுபடி கட்டு. "இன்னொருக்கா வெலகுச்சுன்னா இந்தக் காலு உதவாதுன்னு டாக்டர் சத்தம் போட்டாரு. இன்னும் மூணு வாரத்துல கொண்டாந்து காட்டோணுமாம். எப்படிப் போறதுன்னுதான் தெரியல." டாக்ஸியில் உட்கார முடியாது, கால் மடங்காது. பஸ் நினைத்தே பார்க்க முடியாது.

"என்ற வண்டில படுத்துட்டே போலாங்க்கா" என்றேன்.

அவள் கணவர் கதவு ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: "பொணவண்டில எல்லாம் உன்னைய ஏத்த மாட்டேன்னு சொல்லீரு."

"நெசமாலுமே பொணமாப் போறதுக்கு முன்னால ஒருக்கா படுத்துப் பாத்துக்கறேன், உடுங்க" என்றாள் அக்கா. சிரிக்கப் போனவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வெளியே போய்விட்டார். போகும்போது, கட்டுத்தறியில் நின்ற எருமையைப் பார்த்து, "குலுங்குச்சுன்னா பாதி வழீல எறக்கிருவேன்" என்றார். அவர் சம்மதித்தது அப்படித்தான்.

"குலுங்காதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலூரிலிருந்து நாமக்கல் வருகிற வரைக்கும் அந்த வண்டி எத்தனை குலுக்குக் குலுக்கியது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மூன்று வாரம் இருந்தது. என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர்கள் கல்லாகிப் போயிருந்தன. அவற்றை மாற்றினேன். நடுக்கம் பாதி குறைந்தது. பின்சீட்டையே கழற்றி எறிந்துவிட்டு, பாடிப் பட்டறையில் கிடந்த பலகையை வெட்டி ஆறடிக்குப் படுக்கை அடித்தேன். அதன்மேல் தென்னை நார் மெத்தை. பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டேன். பின்பக்கம் தொங்கிப் போயிருந்த, எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்குகளுக்காக, சேலம் ரோட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறைக்காரரிடம் போனேன். தொப்பையான மனிதர், எந்நேரமும் வெற்றிலை. நான் லாரி ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம்.

குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "அஞ்சு பட்டை வெச்சிருக்கான். ரெண்டு ஒடஞ்சிருக்குது. அவனூர் ரோட்டுக்கு அது போதும். நம்மூரு ரோட்டுக்கு எட்டு வேணும்."

"ஆள் படுத்துட்டுப் போகோணுமுங். குலுங்கக் கூடாது."

"ஸ்பிரிங்கு பலமா இருந்தா எதுக்குக் குலுங்குது? போய் டீயக் குடிச்சுட்டு வாடா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதினைந்து வருடம் லாரியில் இருந்தவன். எங்கள் ஊரில் வண்டிக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான், இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பது. பார வண்டிகளைத் தவிர வேறு வண்டியை நாங்கள் அறிந்ததில்லை. அவர் லாரிப் பட்டைகளை வெட்டி, காய்ச்சி வளைத்து, மொத்தம் எட்டாகக் கட்டினார். தொங்கிக்கொண்டிருந்த வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சண்டைக்கு நிற்கும் கிடா மாதிரி நின்றது. பட்டறையில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்சீட்டில் நன்றாக இருந்து என்ன பயன்? பின்னால் படுத்திருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஓட்டிக்கொண்டே பின்னால் போய்ப் படுக்க முடியாது. கொஞ்ச நேரம் படுத்துப் பாரப்பா என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடையாது. அறையில் உட்கார்ந்து யோசித்தேன். யார் யாரைத் தெரியும் என்று விரல் விட்டுப் பார்த்தேன். மருந்துக் கடை முதலாளி, டீக்கடைக்காரர், பண்ணைக்காரர்கள். யாரிடமும் போய் இதைக் கேட்க முடியாது.

மறுநாள் ஒரு அட்டை முட்டை வாங்கினேன். முப்பது முட்டை. அதைப் படுக்கையில், அக்காவின் தொடை வரும் இடத்தில் வைத்து, நகராமல் துணியால் கட்டி, மோகனூர் வரை போய்த் திரும்பினேன். வந்து பார்த்தால் பதினொன்று உடைந்திருந்தது. மெத்தையெல்லாம் மஞ்சள். அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன்.

"முட்டைய எவன்டா உன்னைய ஏத்தச் சொன்னான்?" என்றார் அவர்.

"படுத்துட்டுப் போறவங்களுக்குத் தொடை எலும்பு ஒடஞ்சிருக்குதுங்."

வெற்றிலையைத் துப்பினார். "அதை முன்னாலயே சொல்றதுக்கென்ன, கூறுகெட்டவனே? நீ ஆள்னு சொன்னா, நான் நாலு ஆளு, பொட்டி, படுக்கைன்னு நெனச்சேன்."

"நீங்க ஒருக்கா படுத்துப் பாருங்."

"நானா?"

"உங்கள உட்டா வேற ஆரைக் கேக்கறதுங்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவு வழியாக ஏறிப் படுத்தார். முதல் பாலம் வரைக்கும் போயிருப்பேன். பின்னாலிருந்து கூரையை அடித்தார்.

"நிறுத்துடா! வண்டியா இது? ஒரலுக்குள்ள போட்டு இடிக்கறாப்பல இருக்குது! வெத்தலை மூக்கு வழியா வருது! எறக்கி உடு, நான் நடந்தே போய்க்கறேன்."

இறங்கி ரோட்டோரமாக நின்று இடுப்பைத் தடவிக்கொண்டார். அப்புறம் அவரே, "சரி, நீ படு. நான் ஓட்டறேன்" என்றார்.

ஏறிப் படுத்தேன். கண்ணாடி வழியாகப் புளியமரக் கிளைகளும் கரண்டு கம்பியும் தலைகீழாகப் போயின. நினைவு தெரிந்து யாரும் என்னை வைத்து ஓட்டியதில்லை. கிளீனராக இருந்த நாட்களில்கூட டிரைவர் பக்கத்தில் விழித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொருவர் கியர் மாற்றுவதையும் பிரேக் போடுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எனக்கு என்னவோ போல இருந்தது. குலுக்கல் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக ஏறியது. கொஞ்ச தூரத்தில் தலை சுற்றி, வயிறு புரட்டியது. குலுக்கலால் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூக்கில் ஏறியது. காற்றுக்காகப் பின்கதவுக் கண்ணாடியை நான் இறக்கி வைத்திருந்தேன். வண்டி ஓட ஓட, சைலன்சர் புகை முழுதும் அந்த வழியாக உள்ளே சுழன்று வந்து, படுத்திருப்பவன் முகத்தில் இறங்கியது. மூன்று வருடமாக ஓட்டுகிறேன், முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவே இல்லை. மூன்று மணி நேரம் இந்தப் புகையில் அவள் படுத்து வந்திருப்பாள். கூரையை அடித்து வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

புகைக்கு வழி சுலபம். குழாயை வெட்டி, பின் டயருக்கு முன்னாலேயே பக்கவாட்டில் திருப்பி வெல்டிங் வைத்தோம். பின் கண்ணாடியை மூடி, காற்றுக்கு முன் கதவுக் கண்ணாடிகளை இறக்கினால் போதும்.

ஸ்பிரிங்குக்குத்தான் வழியில்லை. "புதுப் பட்டைய எடுத்தர்லாம். ஆனா மிச்சம் இருக்கறதுல ரெண்டு ஒடஞ்சது. நடு வழீல உக்காந்துக்கும். இந்த வண்டிக்கு வேற பட்டை சேலத்துலயும் கெடைக்காது, கோயமுத்தூர்லயும் கெடைக்காது" என்றார் பட்டறைக்காரர். இரண்டு பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரோட்டில் காலி லாரி ஒன்று தடதடவென்று குதித்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னாலேயே நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அலுங்காமல் போனது. அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நானும் லாரிக்காரன், நீயும் லாரிக்காரன். இது ரெண்டு பேருக்கும் தோணலை பாரு. காலி வண்டிதான்டா தூக்கிப் போடும். லோடு ஏத்து."

ஆறு சாக்கில் காவிரி மணல் நிரப்பினேன். பலகைக்கு அடியில், அச்சுக்கு நேராக அடுக்கினேன். கிடா இறங்கிச் சமமாக நின்றது. டயர்களில் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன். புது முட்டை அட்டை ஒன்றை வைத்து, மோகனூர் ரோட்டில் அதே வேகத்தில் போய் வந்தேன். ஒரே ஒரு முட்டையில் கீறல். மறுநாள் இன்னும் மெதுவாக, சேலம் ரோட்டில் ராசிபுரம் பிரிவு வரைக்கும். முப்பதும் முழுசாக இருந்தன. எந்தப் பாலத்தில் ஏறும்போது தூக்கும், எந்த ஊரில் ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று மனப்பாடம் செய்தேன்.

இன்னொன்றையும் மனப்பாடம் செய்தேன். நிலத்தை ஏன் விற்றேன் என்று அக்காவிடம் சொல்லியதே இல்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஊரில் எனக்கென்று ஒரு துண்டு மண் இருக்கும் வரைக்கும், எங்கே போனாலும் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. அதை அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், சரியாகவில்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று மணி நேரம் தேவையில்லை. ஆனால் ஆரம்பிக்க ஒரு இடம் வேண்டும். பண்ணைகளுக்குப் போகும் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாமக்கல் தாண்டியதும் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் ரோடு சரியில்லை.

அந்த நாள் காலை ஆறு மணிக்கு நான்கு பேர் அக்காவை ஒரு பலகையில் வைத்துத் தூக்கி வந்து வண்டிக்குள் நகர்த்தினார்கள். அவள் கணவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என்னிடம் பேசவில்லை. கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"போலாமாக்கா?"

"போ சாமி. உளுந்தா எல்லாரும் ஒண்ணா உளுவோம்."

இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பஸ்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு கடந்து போனார்கள். சைக்கிளில் பால் கேன் கட்டியவர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாத குறையாக ஒதுங்கிக்கொண்டார். பிணம் என்று நினைத்திருப்பார். நான் ரோட்டைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் அக்கா கணவரின் கைகள் மட்டும் தெரிந்தன. வேலூரிலிருந்து நாமக்கல் வரை இரண்டு கையும் காலை விடவில்லை. நாமக்கல்லில் ஒரு கையை எடுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தக் கை திரும்பக் காலுக்குப் போகவில்லை.

ஊர் தாண்டி, ரோடு நேரானதும், தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"அக்கா" என்றேன்.

பதில் இல்லை. பயந்து பிரேக்கில் கால் வைத்தேன்.

"தூங்கிட்டா" என்றார் அவள் கணவர், தாழ்ந்த குரலில். "மெதுவாவே போ."

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார்: "ரெண்டு மாசமா கண்ணே மூடல. கட்டுக்குள்ள ஊறலு, வலி. ஒரு ராத்திரி தூங்குனதில்ல."

அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை. அவள் தூங்கவேண்டும் என்றுதானே மூன்று வாரமாக முட்டையும் மணலுமாக அலைந்தேன். இப்போது அவளை எழுப்பி எதைச் சொல்வது? ராசிபுரம் பிரிவில் நான் மனப்பாடம் செய்திருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் முதல் கியரில் இறக்கி ஏற்றினேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் இரண்டாவது கையையும் எடுத்து மடியில் வைத்திருந்தார். சேலம் ஊர் எல்லையில் அவரும் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சு விடுவது என்ஜின் சத்தத்துக்கு நடுவே கேட்டது.

எலும்பு சேர்ந்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த வண்டியில் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். பெரிய கட்டை வெட்டி எடுத்துவிட்டுச் சின்னதாகப் போட்டார். திரும்பும்போது அக்கா தலையணையில் சாய்ந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள், கணவரிடம். சினை எருமை எப்போது போடும், வாழைக்கு முட்டுக் கொடுத்தாச்சா, கொடிக்காலுக்குத் தண்ணீர் விட்டது யார். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடுவில் இரண்டு முறை சிரித்தார்கள். அந்தப் பேச்சில் நான் புகுந்து ஒன்பது வருடத்துக் கதையை வைக்க ஒரு சந்து கிடைக்கவில்லை. தேடவுமில்லை.

வீட்டில் இலை போட்டார்கள். அவர் தண்ணீர் ஊற்றினார். "அடிக்கடி வந்துட்டுப் போ சாமி" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு முறை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் வேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போனபோது இரண்டு பேரையும் பார்த்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கம்பு. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

"எங்கக்கா?"

"சேலத்துக்குத்தான். கடைசியா ஒருக்கா காட்டிட்டு வந்தர்லாம்னு."

"ஏறுங்க ரெண்டு பேரும். நான் உடறேன்."

"உனக்கு எதுக்கு சாமி வேல கெடோணும்? மருந்தெல்லாம் வெயில்ல போயிருமில்ல? இப்பத்தான் நானே உக்கோருவனே." பெருமையாகக் கம்பை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

"பஸ்ஸு வந்துருச்சு" என்றார் அவள் கணவர். பிறகு என்னைப் பார்த்து, "சாப்புட்டயா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

நல்ல காலை முதலில் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, மற்ற காலை இழுத்து வைத்தாள். கண்டக்டர் கை கொடுத்தார், வேண்டாம் என்றாள். மூன்று படியும் தானே ஏறினாள்.

வழியில் அந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டியது. எந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தேன். தெரிவதற்குள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. வள்ளிபுரத்துப் பண்ணையில் தடுப்பூசிக்குக் காத்திருந்தார்கள். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது.